இடது தோளில் ஒரு சுருக்கம்

அக்டோபர் 9, திங்கள்

குளிர் ஆரம்பித்துவிட்டது. கிளினிக்கில் கூட்டம். கண் டாக்டர் வழக்கம்போலத் தாமதம். அவர் வருவதற்குள் எல்லோருக்கும் பார்வை பரிசோதித்து உட்கார வைத்துவிட்டேன். ஒரு பெரியவர் எழுத்து அட்டையின் கடைசி வரியை மனப்பாடமாக ஒப்பித்தார். முன்னால் போனவர் படித்ததை வெளியில் இருந்து கேட்டிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையை மாற்றினேன்.

இவருடைய கம்பெனியில் சாம்பிள் ரூமுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம். சாப்பிடும்போது சொன்னார். இவர் அங்கே கட்டிங் மாஸ்டர். கம்பெனி கொண்டுவரும் ஒவ்வொரு புது உடுப்புக்கும் முதல் பேட்டர்னை, அதாவது அளவுத் தாளை, வெட்டுவது இவர்தான். அதை வைத்துத்தான் மற்றவர்கள் தைத்துத் தள்ளுவார்கள். தன் கத்தரிக்கோலை யார் தொட்டாலும் முகம் சுளிக்கிற மனுஷன், "கை நல்லா ஓடுது அவளுக்கு" என்றார்.

இத்தனை வருஷத்தில் இவர் யாருடைய கையையும் பாராட்டி நான் கேட்டதில்லை, என் கை உட்பட. என் கை சமையலறையில் ஓடுகிற கை. அது கணக்கில் வராது போலிருக்கிறது.

பெயர் சொன்னார், மறந்துவிட்டது. புதுசு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

புதுசு புராணம் தினமும் நடக்கிறது. எல்லோரும் கிளம்பிய பிறகும் நின்று கற்றுக்கொள்கிறாளாம். "மாஸ்டர், நீங்க துணியில கோடு போட்டா யாரோ லெட்டர் எழுதுற மாதிரி இருக்கு" என்றாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு, பெருமை தெரியக் கூடாது என்று தண்ணீர் குடித்தார். டம்ளரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 21, சனி

புதுசு குட்டிக்கு ஒரு பென்சில் பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறாள். பச்சை. எங்கள் மகளுக்குப் பச்சை பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது?

நவம்பர் 2, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைகூட ஃபோன். நூல் நம்பர் கேட்கிறாளாம், ஊக்கு எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறாளாம். திங்கட்கிழமை போனால் அந்த ஊக்கு அங்கேயேதானே இருக்கும்.

"பாவம், தனியா இருக்கா. பேச ஆள் இல்ல" என்றார்.

"சாம்பிள் ரூம்ல ஏழெட்டுப் பேர் இருக்கீங்களே."

"இப்ப என்னங்கிற நீ?"

ஒன்றும் இல்லை. போன வாரம் குடையை மறந்துவிட்டுப் போனார் என்று கம்பெனி வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது மாடி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. இடுப்பு வரை பின்னல் போட்ட ஒருத்தி. அவள்தான் புதுசு என்றார். நேற்று குழுவாக எடுத்த படத்தை இவர் காட்டினார். பின்னலைக் காணோம். கழுத்தோடு வெட்டி, ஒரு பக்கம் காதுக்குப் பின்னால் ஒதுக்கி — அப்படியே என் தலை.

அக்காவிடம் சொன்னேன். "முடி வெட்டறதுக்கு உன்கிட்ட காப்பிரைட்டா இருக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 15, புதன்

இன்று கிளினிக்குக்கே வந்துவிட்டாள். டோக்கன் வாங்கி, முறைப்படி காத்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே வந்தாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

என் தலைமுடி எதிரில் வந்து நின்றால் எனக்குத் தெரியாதா. கண்ணில் என்ன பிரச்சினை என்று கேட்டேன். தூரத்தில் இருப்பது மங்கலாக இருக்கிறதாம்.

விளக்கை அணைத்தேன். கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். அதற்குக் கீழே அட்டையை அச்சடித்தவர்கள் விவரம் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படித்தாள். பிறகு, கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"மாஸ்டர் வீட்டுலயும் இப்படி அமைதியாத்தான் இருப்பாராக்கா? சாப்பிடும்போது பேசுவாரா?"

இருட்டில் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

"அவரோட அருமை உங்களுக்குத் தெரியுமான்னு சில நேரம் யோசிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மோவாயைக் கருவியில் வைக்கச் சொன்னேன். முன்னால் குனிந்தாள். கருவியின் வெளிச்சம் தோளில் விழுந்தது. அப்போதுதான் அவள் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன். என்னுடையது கரும்பச்சை, இது பழுப்பு. மற்றபடி அதே கழுத்து, அதே பை, அதே மடிப்பு. இடது தோளில் மட்டும் கழுத்திலிருந்து சாய்வாக ஒரு சுருக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

வேறு யாருக்கும் அது சாதாரணச் சுருக்கம். எனக்கு அப்படி இல்லை. குட்டி பிறப்பதற்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து எனக்குக் காறை எலும்பு உடைந்தது. கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இடது தோள் ஒரு விரல் தாழ்ந்து போயிற்று. கடையில் வாங்கும் எதைப் போட்டாலும் அந்தப் பக்கம் தொங்கும். அப்போது இவர்தான் என் உடம்புக்கென்று தனியாக ஒரு பேட்டர்ன் வெட்டினார், இடது தோளை ஒரு விரல் இறக்கி. அதில் தைத்ததைப் போட்டால் நான் நேராக நிற்பேன். என் கோணல் எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்குக்கூட மறந்து போயிருக்கும்.

தோள் நேராக இருக்கிறவள் அந்தத் தாளில் வெட்டிப் போட்டால் இடது பக்கம் இப்படித்தான் இழுக்கும்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். "தேங்க்ஸ்க்கா" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

நவம்பர் 16, வியாழன்

கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "என் பேட்டர்ன் எங்க இருக்கு?"

"சாம்பிள் ரூம்ல, கொக்கியில. ஏன்?"

"புதுசா ஒண்ணு தைக்கலாம்னு."

சாயங்காலம் வந்து, "இருக்கு, பார்த்தேன்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நவம்பர் 17, வெள்ளி

எனக்குத்தான் கண் பரிசோதனை தேவையோ?

டிசம்பர் 16, சனி

கம்பெனியில் வருஷ முடிவு மதிய விருந்து. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். புதுசு ஓடி வந்து குட்டியைத் தூக்கிச் சுற்றினாள். முதலாளி அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவங்களா?" என்றார். இவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

புதுசு அந்தப் பழுப்புக் கோட்டைத்தான் போட்டிருந்தாள். இடது தோளைப் பார்த்தேன். சுருக்கம் இல்லை. வழித்துவிட்டதுபோல உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டின்போது எல்லோரும் கோட்டுகளைக் கழற்றி வாசலருகே மாட்டினார்கள். கை கழுவப் போகிற சாக்கில் போய், அவள் கோட்டின் இடது தோளைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். பிரித்துத் தைத்திருக்கிறது. உள் துணியைக் கையால், பொடிப் பொடித் தையலாக, ஒவ்வொரு நாலாவது தையலிலும் நூலை ஒருமுறை பின்னுக்கு இழுத்து. அப்படித் தைக்கிறவர் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான். என் கல்யாண ரவிக்கையிலிருந்து குட்டியின் பள்ளிச் சீருடை வரை அந்தத் தையலைத்தான் நான் துவைத்து மடித்துக்கொண்டிருக்கிறேன்.

கை கழுவாமலே வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

குட்டியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து கேட்டேன்.

"அவ கோட்டுத் தோளைப் பிரிச்சுத் தைச்சது யாரு?"

எந்தக் கோட்டு, எந்தத் தோள் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயை மறைக்கப் பார்ப்பார், இரண்டு கத்தாவது கத்தலாம் என்று இருந்தேன். "நான்தான்" என்றார்.

"அது என் பேட்டர்ன்ல வெட்டினதுன்னு தெரியுமா?"

"போட்டுக்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப நான் கேட்டப்ப?"

"கொக்கியில இருக்கான்னு கேட்ட. இருந்துச்சு. படி எடுத்துட்டுத் திருப்பி மாட்டிட்டா."

பதில் சொல்கிற நேர்த்தியைப் பாருங்கள். அளவெடுத்து வெட்டியதுபோல.

"அவளை ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டேன். அழுதா. உங்க கையால வெட்டினதைப் போட்டுக்கணும்னு ஆசையா இருந்துச்சுன்னா. சின்னப் பொண்ணு, விடுன்னு விட்டுட்டேன்."

"சரி, விட்டீங்க. தைச்சுக் குடுப்பானேன்?"

"தோள் அப்படி இழுத்துக்கிட்டு நிக்கிறதை என்னால பார்க்க முடியல. தினமும் கண்ணு முன்னால வந்து நிக்கிறா. கை பரபரங்குது."

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். குட்டி மேல் சத்தியம் என்றார். நம்புகிறேன். அதுதான் வேதனை, நம்புகிறேன். இந்த மனுஷன் வேறு ஒன்றும் செய்திருக்க மாட்டார். திருடியவளைத் துரத்தவில்லை, திருடியது அவளுக்குச் சரியாகப் பொருந்தவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

ஆளை நிற்க வைத்துத்தானே குண்டூசி குத்தியிருப்பார்? "அசையாதே" என்று சொல்லியிருப்பார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் நிற்பேன்.

டிசம்பர் 20, புதன்

அக்கா சொல்கிறாள், "ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையாது, அவளைப் போய் நாலு கேள்வி கேளு." பெண்பிள்ளையைக் குத்துவதற்கென்றே வைத்திருக்கிற பழமொழி. அக்கா, இந்தக் கதையில் ஊசி என் புருஷன்.

டிசம்பர் 28, வியாழன்

அவளோடு வேலைக்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஃபோனை என் முன்னால் மேஜையில் வைக்கிறார். அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார், நான் மார்க் போடுவேன் என்பதுபோல.

ஜனவரி 6, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் குட்டிக்கு நீச்சல் வகுப்பு. முடிகிற நேரத்துக்குப் போனேன். வாசலில் இருக்கிற அம்மாள், "இப்பத்தானே கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னீங்களே. புள்ளை கூட அம்மான்னு ஓடுச்சே."

பச்சைக் கோட்டு. என்னுடையது என் உடம்பில் இருக்கிறது.

இவருக்கு ஃபோன் பண்ணினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார், வழியெல்லாம் அவளைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. போலீஸுக்குப் போகலாம் என்றேன். "ஒரு நிமிஷம் இரு" என்றார். அந்த ஒரு நிமிஷத்தை நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். அப்புறம் ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், நம்ம குட்டிக்கு ஒரு கோட்டு வெட்டலாம்னு இருக்கேன். வர்றீங்களா? அளவு எடுத்துட்டேன்."

நம்ம குட்டி.

கம்பெனிக்கு ஓடினோம். இன்று விடுமுறை, சாவி அவளிடம் இருந்திருக்கிறது, காலையில் முதலில் வருகிறவள் என்று நம்பிக் கொடுத்தது. சாம்பிள் ரூமில் வெட்டுகிற மேஜை மேல் குட்டி நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. தலை இன்னும் ஈரம். பயந்திருக்கவில்லை. "அம்மா, ஆன்ட்டி என்னை அசையக் கூடாதுன்னாங்க" என்றாள். அவளைத் தூக்கி இறக்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

புதுசு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் தலைமுடியோடு, என் கோட்டோடு, இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவர் கத்தினார். இப்படி ஒரு நாளும் கத்தியதில்லை. உனக்குப் பைத்தியமா, யார் குழந்தையை யார் தொடுவது, என்ன நினைத்துக்கொண்டாய் என்று. அவள் குழம்பிப் போய் நின்றாள். நடிப்பு இல்லை அது. நிஜமாகவே குழம்பியிருந்தாள்.

"நீங்கதானே மாஸ்டர் தோளைச் சரி பண்ணிக் குடுத்தீங்க? ரெண்டு நாள் உக்காந்து, கையால. வேண்டாம்னு நினைக்கிறவளுக்கு யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் என்ன பார்வை பார்ப்பது? மூன்று வாரமாக நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். புத்தி கெட்டவள் என்று அவளைச் சொல்கிறோம். கேள்வி சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 8, திங்கள்

போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. முதலாளி அம்மா அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவளுடைய அண்ணன் ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஏற்கெனவே வேறொரு வேலையிடத்தில் இதே மாதிரி நடந்ததாம். என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. நல்ல அண்ணன். அவளுக்கு வைத்தியம் பார்க்கட்டும்.

எல்லோரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அவள் ஒரு விஷயமே இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

இவர் சீக்கிரம் வீட்டுக்கு வருகிறார். காய்கறி நறுக்குகிறார். குட்டிக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். இன்று மெதுவாக ஆரம்பித்தார். "அவதான் போயிட்டாளே. இனிமே நாம பழையபடி இருக்கலாம்ல?"

"நான் ஒரு தப்பும் பண்ணல" என்றும் சொன்னார். இதைப் பத்தாவது தடவையாகச் சொல்கிறார். சரி, பண்ணவில்லை. தப்புப் பண்ணியிருந்தால்கூட நான் அழுது சண்டை போட்டு, காலில் விழ வைத்து, ஒரு மாதிரி முடித்திருப்பேனோ என்னவோ. இது பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை.

"ஒரு தடவை" என்றேன். "அவ முதல் நாள் அதைப் போட்டுக்கிட்டு வந்தப்ப, 'இது என் பொண்டாட்டி தோளு, கழட்டு'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

"அப்படித் தோணல" என்றார். "எனக்குத் தையல்தான் கண்ணுல பட்டுது."

"அவ உங்களையே பார்த்துக்கிட்டு நின்னது?"

"அது… நல்லாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய்."

கேட்டேன், கிடைத்தது. யார்மேல் கோபித்துக்கொள்வது?

ஜனவரி 30, செவ்வாய்

அக்கா திட்டித் தீர்த்துவிட்டாள். குடிக்கிறாரா, அடிக்கிறாரா, வேறு குடித்தனம் வைத்திருக்கிறாரா, எதற்கு இந்த ஆட்டம் என்று. எதுவும் இல்லை அக்கா. பக்கத்தில் படுத்தால் முதுகைத் திருப்பி, இடது தோளை மெத்தைக்குள் புதைத்துக்கொள்கிறேன். இதைச் சொன்னால் உனக்குப் புரியுமா? சொல்லவில்லை. "மனசு ஒட்டல" என்றேன். "மனசு என்ன ஸ்டாம்பா" என்றாள்.

பிப்ரவரி 3, சனி

"கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுல இருங்க" என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒருவேளை அதற்காகத்தான் சொன்னேனோ? பெட்டியை எடுத்து, சட்டைகளை நேர்த்தியாக மடித்து வைத்தார், ஒரு சுருக்கம் இல்லாமல்.

பிப்ரவரி 4, ஞாயிறு

குட்டி கேட்டாள், "அப்பா எப்ப வருவாங்க?" தெரியலடா என்றேன். முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவளிடம் உண்மையைச் சொன்ன மாதிரி இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

குட்டியைப் பார்க்க வந்தார். ஞாயிறு மதியம் வருவதென்று பேச்சு. வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்டதில்லை. ஆனாலும் மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றார். "வாங்க" என்றேன். நடுவழியில் செருப்பை உதறிவிட்டு வருகிற ஆள், கழற்றிச் சுவரோரமாக வைத்தார். தன் நாற்காலி காலியாக இருக்க, ஜன்னல் பக்கம், வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்சம் இளைத்திருக்கிறார். குட்டி வகுப்பில் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "காபியா, டீயா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் டீயைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. இந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

குட்டி பேச்சை நிறுத்தினாள். அவர் என்னைப் பார்த்தார். திருத்திச் சொல்வார் என்று ஒரு நொடி காத்திருந்தேன்.

"எதுவா இருந்தாலும் சரிங்க" என்றார்.